கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் சர்நேம் மாற்றுவது: வரிசை, காகிதங்கள், சிக்கும் இடங்கள்

கேள்வி இது: சொந்த ஊர் கோபி பக்கம், கல்யாணமாகி இப்போது திருப்பூர். கல்லூரி நாளில் எடுத்த பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் அப்பா பெயர் இருக்கிறது. ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பாவின் இனிஷியல் மட்டும். பாஸ்போர்ட் அடுத்த வருடம் முடிகிறது. வீட்டுக்காரருக்குத் துபாயில் வேலை. புதுப்பிக்கும்போதே அவர் பெயரைச் சர்நேமாகப் போட எந்த வரிசையில் போக வேண்டும், பேப்பரில் விளம்பரம் கொடுக்க வேண்டுமா?

பெயரை மாற்றித்தான் ஆக வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்க. கல்யாணமானால் பெண் தன் பெயரை மாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நம் பக்கம் சர்நேம் என்று தனியாக ஒன்று கிடையாது. அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டோம், இப்போது கணவர் பெயரைப் போடலாமா என்று யோசிக்கிறோம், அவ்வளவுதான். உங்கள் பெயர் அப்படியே இருக்க, துணைவர் பெயர் என்ற கட்டத்தில் மட்டும் கணவர் பெயரைச் சேர்த்துப் புதுப்பிக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும்.

துபாய்க்குக் குடும்ப விசாவில் போகும் திட்டம் இருந்தால் இதை இன்னும் கவனமாகப் பாருங்கள். அங்கே கேட்பது சான்றொப்பம் பெற்ற திருமணச் சான்றிதழ். அதில் கல்யாணத்தன்று உங்களுக்கு இருந்த பெயர்தான் இருக்கும். பாஸ்போர்ட்டிலும் அதே பெயர் இருந்தால் இரண்டும் நேராக ஒத்துப்போகும். சர்நேமை மாற்றிவிட்டால் இந்த இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று ஒவ்வொரு இடத்திலும் விளக்க வேண்டிவரும். கணவர் பெயர் சேர்ந்தால்தான் விசா கிடைக்கும் என்று டிராவல்ஸ்காரர் சொன்னால், அவர் சொல்வது சர்நேமையா, துணைவர் பெயர் கட்டத்தையா என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். பத்தில் ஒன்பது பேர் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

சர்நேம் கட்டம் காலியாக இருப்பவர்கள் கதை வேறு. ஒரே சொல்லில் பெயர் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாவது பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று தளர்த்தியது. அமெரிக்க விசாவில் சர்நேம் இல்லாதவரின் சொந்தப் பெயரைச் சர்நேம் இடத்தில் அச்சடித்து, முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' ('முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று மூன்றெழுத்து போட்டுவிடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் புதுப்பிக்கும்போது சர்நேம் சேர்த்துக்கொள்வது நல்லதுதான். உங்களுக்கு ஏற்கெனவே அப்பா பெயர் அங்கே இருப்பதால் அந்த அவசரம் இல்லை.

சரி, மாற்றியே தீர்வது என்றால், எல்லாம் நிற்பது ஒரே விஷயத்தின்மேல்: பழைய பெயரிலிருந்து புதுப் பெயருக்குப் போகும் காகிதங்கள் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கொங்கு நாட்டில் சிக்குவது பெரும்பாலும் இங்கேதான். பழனிசாமி, கந்தசாமி, சின்னுசாமி, பொன்னுசாமி, சுப்பிரமணியம் என்று நம் பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதப்படுபவை. 'சாமி'யில் எஸ்ஸுக்குப் பிறகு டபிள்யூ உண்டா, கடைசி எழுத்து ஒய்யா ஐயா, சுப்பிரமணியம் எம்மில் முடிகிறதா என்னில் முடிகிறதா, செந்தில்குமார் ஒரே சொல்லா இரண்டு சொல்லா என்று பாருங்கள். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, கணவரின் பாஸ்போர்ட்டில் ஒன்று இருக்கும். நமக்கு எல்லாம் ஒரே ஆள். கவுன்ட்டரில் இருப்பவருக்கு ஒரு எழுத்து மாறினாலும் வேறு பெயர். அதனால் கணவரின் பாஸ்போர்ட்டை எடுத்து, அதில் அவர் பெயர் எப்படி இருக்கிறதோ அதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்த விண்ணப்பம் நிரப்பினாலும் அந்தத் தாளைப் பார்த்தே நிரப்புங்கள்.

அடுத்தது திருமணச் சான்றிதழ். கல்யாணத்தால் வரும் சர்நேம் மாற்றத்துக்கு இதுவே ஆணிவேர். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது; எந்த மதத்தவரும் 90 நாளுக்குள் பதிய வேண்டும், கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை பதியலாம். அந்தக் கெடு தாண்டிய இந்துக்கள் 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின்கீழ் பதிந்துகொள்கிறார்கள். கல்யாணம் நடந்த ஊர் சார்பதிவாளரிடம்தான் போக வேண்டும் என்றில்லை. மாப்பிள்ளை வீடு, பெண் வீடு இருக்கும் எல்லைக்குரிய அலுவலகத்திலும் பதியலாம். ஐயர் இல்லாமல் அருமைக்காரர் (கொங்கு முறைச் சீர் செய்யும் பெரியவர்) நடத்திவைத்த கல்யாணம் என்றாலும் தயங்க வேண்டாம். கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டும் படம், சாட்சிகள் இருந்தால் பதிவாகும்.

பதியும்போது உங்கள் பெயரைப் பழைய பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல முழுதாகப் போடச் சொல்லுங்கள். ஆதாரைப் பார்த்து 'பி. கவிதா' என்று இனிஷியலோடு போட்டுவிட்டால், பாஸ்போர்ட்டில் இருக்கும் 'கவிதா பழனிசாமி'யோடு அது ஒட்டாது. கணவர் பெயருக்கும் இதே கணக்கு. புதுப் பெயரைச் சான்றிதழில் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டாம். அது பழைய பெயரையும் கணவர் பெயரையும் ஒரே தாளில் வைத்துக் காட்டுவதால்தான் நமக்குப் பயன்படுகிறது. ஏற்கெனவே இனிஷியலோடு வாங்கிவிட்டவர்கள் பதறத் தேவையில்லை. அப்பாவின் முழுப்பெயர் உள்ள பள்ளி மாற்றுச் சான்றிதழையோ மதிப்பெண் பட்டியலையோ கூடவே கொண்டுபோனால், இனிஷியல் யாருடையது என்பது தெளிவாகிவிடும்.

திருமணச் சான்றிதழ் இல்லாதவர்கள், கணவன் மனைவி சேர்ந்து எடுத்த படத்தை ஒட்டி இருவரும் கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழிப் படிவத்தைக் கொடுக்கும் வழியும் உண்டு. துணைவர் பெயரைச் சேர்க்க மட்டும் என்றால் அது தாராளம். சர்நேமே மாறுகிறது என்றால் சான்றிதழ்தான் உறுதியான ஆதாரம். மேலும் இந்த இணைப்புப் படிவங்களுக்கு ஏ, பி, சி என்று போட்டிருக்கும் எழுத்துகள் இடையில் மாற்றப்பட்டவை. ப்ரௌசிங் சென்டரில் பழைய படிவத்தை நகலெடுத்து வைத்துக்கொண்டு நீட்டுவார்கள். அதை வாங்காமல், பாஸ்போர்ட் சேவா இணையதளத்தின் ஆவண ஆலோசகர் பகுதியில் உங்கள் விவரங்களைத் தேர்ந்தெடுத்து, அது காட்டும் படிவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேப்பர் விளம்பரம் பற்றிக் கேட்டீர்கள். கல்யாணத்தால் கணவர் பெயரைச் சர்நேமாகச் சேர்ப்பதற்கு அது தேவையில்லை. பெயரே அடியோடு மாறும்போதுதான் அந்த வழி: நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம், இரண்டு நாளிதழ்களில் விளம்பரம், அல்லது அரசிதழ் அறிவிப்பு. விளம்பரம் என்றால் ஒன்று நிரந்தர முகவரி இருக்கும் பகுதியிலும் மற்றது இப்போதைய முகவரி இருக்கும் பகுதியிலும் வரும் நாளிதழாக இருக்க வேண்டும். உதாரணமாக, கல்யாணத்தோடு சேர்த்து எண் கணிதம் பார்த்துக் 'கவிதா'வை 'கவிதாஸ்ரீ' ஆக்கினீர்கள் என்றால் அது சர்நேம் மாற்றம் ஆகாது, பெயர் மாற்றம். சோசியர் சொன்ன ஒரே ஒரு கூடுதல் எழுத்துக்காக அரசிதழ் வரை அலைய வேண்டியிருக்கும். அது வேண்டுமா என்று வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டுக்கு முன்னால் ஆதாரை மாற்றுங்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் கேட்கும் புதுப் பெயருக்கு ஒரு அரசு அடையாளமாவது கையில் இருக்க வேண்டும். அதற்கு எளிதானது இதுதான். ஆதார் சேவை மையத்தில் திருமணச் சான்றிதழைக் காட்டிப் பெயரையும், திருப்பூர் முகவரியையும் ஒரே தடவையில் மாற்றிவிடலாம். கட்டணம் 75 ரூபாய். பெயர் மாற்றம் ஆயுளுக்கு இரண்டு தடவைதான் அனுமதி என்பதால், கணவர் பெயரை எழுதி வைத்த அந்தத் தாளில் உள்ளபடி எழுத்து சரிதானா என்று திரையில் நீங்களே படித்துப் பார்த்த பிறகு சரி சொல்லுங்கள். இனிஷியலாக இல்லாமல் கணவர் பெயர் முழுதாக வர வேண்டும்; பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு இடமே இல்லை, எல்லாம் விரித்துத்தான் எழுத வேண்டும். ஆதார் வந்ததும் பான் கார்டையும் வாக்காளர் அட்டையையும் மாற்றிக்கொள்ளுங்கள். கல்விச் சான்றிதழ்களைத் தொட வேண்டாம். அவை பழைய பெயரில் இருப்பதுதான் முறை.

முகவரிச் சான்றுக்கு ஆதார் போதும். ரேஷன் கார்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஈபி பில் மாமனார் பெயரில் இருந்தால் அது உங்களுக்குச் சான்றாகாது. கணவரின் பாஸ்போர்ட் நகலும் சான்றாக ஏற்கப்படும். ஆனால் அதில் துணைவர் என்று உங்கள் பெயர் இருக்க வேண்டும், முகவரியும் நீங்கள் கொடுக்கும் முகவரியாகவே இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் எடுத்த பாஸ்போர்ட்டாக இருந்தால் அது உதவாது.

இனி விண்ணப்பம். முகவரி 'கவ் டாட் இன்' என்று முடியும் பாஸ்போர்ட் சேவா தளத்தில் மட்டும் பதியுங்கள். தேடினால் முதலில் வரும் சில தளங்கள் அச்சாக அதேபோல இருந்து, கூடுதல் கட்டணம் கறப்பவை. ப்ரௌசிங் சென்டரில் நிரப்பினாலும் உங்கள் சொந்தக் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுங்கள். கடைக்காரர் தன் எண்ணைப் போட்டுவிட்டால் குறுஞ்செய்தி எல்லாம் அவருக்குப் போகும். ஆட்சேபணை வந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

சேவையில் 'ரீ-இஷ்யூ' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பாஸ்போர்ட்டை நீட்டிப்பது என்று ஒன்று இப்போது இல்லை. புது எண்ணோடு புதுப் புத்தகம்தான் வரும். காரணத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். காலாவதி நெருங்குவதால் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, உள்ளே பெயர் கட்டத்தில் புதுப் பெயரை அடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல் 'தனிப்பட்ட விவரங்களில் மாற்றம்' என்பதை எடுத்து, அதன்கீழ் பெயர், துணைவர் பெயர், முகவரி என்று மாறுவதையெல்லாம் டிக் செய்யுங்கள். கையெழுத்தும் மாறினால் அதையும். காலாவதிக்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டாம்; புதுப் புத்தகம் முழுதாகப் பத்து வருடத்துக்கு வரும்.

பெயர் பகுதியில் கிவன் நேம் கட்டத்தில் 'கவிதா', சர்நேம் கட்டத்தில் 'செந்தில்குமார்'. புள்ளி, இனிஷியல், டாக்டர் போன்ற பட்டம் எதுவும் கூடாது. 'முன்பு பெயர் மாற்றியதுண்டா' என்ற கேள்விக்கு ஆம் என்று போட்டுப் பழைய பெயரைப் பாஸ்போர்ட்டில் இருந்தபடி எழுதுங்கள். மறைக்க ஒன்றுமில்லாத இடத்தில் இல்லை என்று போடுவது வீண் வம்பு. தெரிந்தே தவறான தகவல் தருவது 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் குற்றம். தந்தை பெயர் கட்டத்தில் அப்பா பெயர்தான், கல்யாணமானாலும் அது மாறாது. சர்நேமை மாற்றுவதால் அப்பா பெயர் பதிவிலிருந்து போய்விடும் என்று வீட்டில் யாராவது வருந்தினால் இந்தக் கட்டத்தைக் காட்டுங்கள்.

இப்போது எங்கே இருக்கிறீர்களோ அந்த முகவரியைத்தான் இப்போதைய முகவரியாகக் கொடுக்க வேண்டும். அப்பா வீடு தெரிந்த ஊர், போலீஸ் விசாரணை சுலபமாக முடியும் என்று கோபி முகவரியைக் கொடுப்பார்கள். விசாரிக்க வந்தவர் 'கல்யாணமாகிப் போய்விட்டார், இங்கே இல்லை' என்ற பதிலை அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டு அப்படியே அறிக்கை எழுதிவிடுவார். அதோடு கோப்பு நின்றுவிடும், பிறகு அதை நகர்த்துவது பெரும்பாடு.

36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000 ரூபாய், இணையத்திலேயே கட்டி நேரம் குறித்துக்கொள்ளலாம். தத்கல் என்ற அவசர சேவைக்கு இன்னும் 2,000. ஆனால் பெயர் மாறும் விண்ணப்பம் தத்கலில் எடுபடாது என்று வைத்தே திட்டமிடுங்கள். பல நாடுகள் ஆறு மாதமாவது செல்லுபடி மீதமிருக்க வேண்டும் என்று கேட்பதால், காலாவதிக்கு ஒரு வருடம் இருக்கும்போதே ஆதார் வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. குறித்த நேரத்தை மாற்ற வேண்டி வந்தால் ஒரு வருடத்துக்குள் மூன்று தடவை வரை மாற்றலாம்.

எந்த மையம்? திருப்பூர், கோவை, ஈரோடு, நீலகிரி எல்லாம் கோவை பாஸ்போர்ட் அலுவலகத்தின்கீழ் வருபவை, கரூர் திருச்சியின்கீழ். சேலம், ஈரோடு போன்ற ஊர்களில் அஞ்சலகத்திலேயே சேவா மையம் இருக்கிறது. வெறும் புதுப்பித்தல் என்றால் அருகில் உள்ள அஞ்சலக மையம் சௌகரியம். பெயர் மாற்றத்துக்குக் கோவை சேவா மையத்துக்கே போவது மேல் என்பது என் கருத்து. அஞ்சலக மையத்தில் காகிதத்தை வாங்கி ஏற்றுவார்கள், ஒப்புதல் வேறு இடத்தில் இருக்கும் அதிகாரியிடம். பெரிய மையத்தில் ஏ, பி, சி என்று மூன்று கவுன்ட்டர் வரிசை: ஏ-யில் படம், கைரேகை, காகிதம் ஏற்றுதல், பி-யில் சரிபார்ப்பு, சி-யில் ஒப்புதல் தரும் அதிகாரி. சந்தேகம் வந்தால் அங்கேயே கேட்பார், அங்கேயே பதில் சொல்லலாம்.

கையில் பழைய பாஸ்போர்ட் மூலம், அதன் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்க நகல்கள், குறிப்பு ஏதும் அச்சான பக்கம் இருந்தால் அதன் நகல், திருமணச் சான்றிதழ், புது ஆதார், பான், கணவரின் பாஸ்போர்ட் நகல், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எல்லாம் இருக்கட்டும். நகல்களில் நீங்களே கையெழுத்திடுங்கள், எந்தக் கையெழுத்து பாஸ்போர்ட்டில் வர வேண்டுமோ அதே கையெழுத்து. ஏ கவுன்ட்டரில் திரையில் காட்டும்போது, கணவர் பெயர் எழுதிய அந்தத் தாளைப் பையிலிருந்து எடுத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று சங்கடப்பட்டுத் தலையாட்டிவிட்டு வந்தால், மறுபடி 1,500 ரூபாயும் மறுபடி நாள் குறிப்பதும்தான்.

போலீஸ் விசாரணைக்கு வீட்டில் நீங்கள் இருக்க வேண்டும். ஆதார், திருமணச் சான்றிதழ், உங்களைத் தெரிந்த அக்கம்பக்கத்தார் இருவர் போதும். புதிதாகக் குடிவந்த இடமென்றால் அடுத்த வீட்டாரிடம் உங்கள் முழுப்பெயரை முன்பே சொல்லி வையுங்கள். 'செந்தில் சம்சாரம்' என்று மட்டும் தெரிந்திருந்தால் விசாரிக்க வருபவர் கேட்கும் பெயருக்கு விழிப்பார்கள். இதற்குத் தனிக் கட்டணம் எதுவும் கிடையாது. நிலை என்ன என்று தெரிய 1800-258-1800 என்ற கட்டணமில்லா எண் உண்டு. ஆட்சேபணை என்று வந்தால் கடிதத்தில் என்ன கேட்டிருக்கிறார்களோ அதை மட்டும் கொடுங்கள். கேட்காத காகிதங்களைக் கட்டாகக் கொடுத்தால் அதில் இன்னொரு எழுத்து வித்தியாசம் கண்ணில் படும்.

புத்தகம் விரைவு அஞ்சலில் வரும். பழைய பாஸ்போர்ட்டை ரத்து செய்து உங்களிடமே திருப்பித் தருவார்கள்; அதைத் தூக்கிப் போடாதீர்கள். உள்ளே செல்லுபடியாகும் விசா இருந்தால் இரண்டு புத்தகத்தையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும். அமெரிக்க விசா வைத்திருப்பவர்களுக்குப் பெயர் மாறினால் புது விசா எடுத்துக்கொள்வதே நல்லது என்று அந்நாட்டு வெளியுறவுத் துறையே பரிந்துரைக்கிறது. டிக்கெட் ஏற்கெனவே பழைய பெயரில் போட்டிருந்தால், பயணத்தை முடித்துவிட்டு அப்புறம் பாஸ்போர்ட்டுக்குப் போங்கள்.

விவாகரத்துக்குப் பிறகு அப்பா பெயருக்குத் திரும்புகிறவர்களுக்கும் வரிசை இதேதான். திருமணச் சான்றிதழ் இடத்தில் நீதிமன்றத் தீர்ப்பாணையின் சான்றிட்ட நகல் வேண்டும். மறுமணம் என்றால் அந்த ஆணையோடு புதுத் திருமணச் சான்றிதழும். கணவரை இழந்தவர்கள் சர்நேமை மாற்ற வேண்டிய கட்டாயமில்லை.

குழந்தை இருந்தால் கடைசியாக ஒன்று பார்க்க வேண்டும். அதன் பிறப்புச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் தாய் பெயர் பழையபடிதான் இருக்கும். அதனால் அந்தப் பாஸ்போர்ட் செல்லாமல் போகாது. புதுப்பிக்கும் முறை வரும்போது உங்கள் இரண்டு பாஸ்போர்ட்டையும் திருமணச் சான்றிதழையும் எடுத்துப் போனால் போதும். இனிமேல்தான் குழந்தை என்றால், ஆஸ்பத்திரியில் பிறப்புப் பதிவுப் படிவம் நிரப்பும்போதே தாய் பெயர் கட்டத்தில் புதுப் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.